யாரும் தேய்க்காத துப்பாக்கி: பழைய .22 ரிவால்வர் சேகரிப்பவர்களுக்கு

என் முதல் பழைய ரிவால்வரை வாங்கி வந்த அன்று ராத்திரியே அதன் விலையில் பாதியைத் தேய்த்துக் கரைத்துவிட்டேன். அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த 'மாடல் ஒன்று' என்ற .22 ரிவால்வர் அது. பித்தளை ஃபிரேம் கறுத்துப் போய்க் கிடந்தது. கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த கை, சும்மா இருக்குமா? பித்தளை பாலிஷும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தங்கம் மாதிரி மின்னியது.

அடுத்த மாதம் இங்கே அமெரிக்காவில், ஒஹையோவில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போய், மேஜை போட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் இருந்த வெள்ளி எங்கே?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பித்தளைக்கு மேல் தொழிற்சாலையிலேயே வெள்ளி முலாம் பூசித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அழுக்கு என்று நினைத்து நான் வழித்தெடுத்த கறுப்பில் பாதி, நூற்றைம்பது வருஷமாகக் கறுத்த வெள்ளி.

நான் டேட்டனில் ஒரு டூல் ரூமில் 26 வருஷம் வேலை பார்த்தவன். அதற்கு முன்னால் பீளமேட்டில் லேத் பட்டறை. இரும்பையும் பித்தளையையும் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற மிதப்பில் இருந்தேன். இந்தப் பொழுதுபோக்கில் அந்த மிதப்புதான் முதல் எதிரி. பட்டறைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். இங்கே யாரும் சரிசெய்யாமல் விட்டதற்குத்தான் காசு.

முதலில் சட்டம்

இதை எழுதுவதே, வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் நம் ஊர்ப் பையன்கள் கேட்பதால்தான். "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கலாமா?" நான் முதலில் கேட்பது, "தம்பி, எந்த விசா?"

அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொரு கோடு 1898. அந்த வருஷமோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, 1968ஆம் வருஷத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள். அதை அந்தச் சட்டம் 'துப்பாக்கி' என்றே கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிந்தியது, ஆனால் ஐம்பது வயது தாண்டியது என்றால் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 30 டாலர். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் கூட்டாட்சிச் சட்டம்தான். மாநிலச் சட்டம் தனி. ஒஹையோவில் கேள்வி கேட்காத பொருளுக்கு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் கேள்வி வரலாம். அதனால் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகும் யோசனை வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் 'இது வெறும் பழம்பொருள் சார்' என்று விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஏன் .22, அதிலும் ஏன் மாடல் ஒன்று

.22 என்பது கிட்டத்தட்ட 0.22 அங்குலக் குறுக்களவுள்ள சின்னத் தோட்டா. அது 'ரிம்ஃபயர்' வகை. ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிவிளிம்புக்குள் இருக்கும். சுத்தியல் விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியது என்றால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் இந்த முறை கடைசியில் சின்னத் தோட்டாக்களோடு நின்றுபோனது. 1857இல் வந்த .22 ஷார்ட் தோட்டாவும் அதற்காகவே செய்த மாடல் ஒன்று ரிவால்வரும் அமெரிக்காவில் ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். அந்தத் தோட்டா இன்றும் தயாராகிறது.

அதற்கு முன் கோல்ட் கம்பெனி ரிவால்வரில் ஒவ்வொரு அறைக்கும் மருந்து, குண்டு, பின்னால் தொப்பி என்று தனித்தனியாக நிரப்ப வேண்டும். முழுத் தோட்டாவைப் பின்னாலிருந்து போட வேண்டுமென்றால் சிலிண்டரில் (அறைகள் உள்ள சுழலும் உருளையில்) ஓட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டும். இந்தச் சின்ன விஷயத்துக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3ஆம் தேதி காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்மித்தும் வெஸ்ஸனும் துப்பாக்கிக்கு 25 சென்ட் என்று அவரிடம் உரிமம் எடுத்தார்கள். அதில் ஒரு கொக்கி: யாராவது காப்புரிமையை மீறினால் வழக்கு நடத்தும் செலவு வைட்டுடையது. மனுஷன் சம்பாதித்ததில் பெரும்பங்கு கோர்ட்டுக்கே போனது. 1869இல் காப்புரிமை முடிந்தது. நீட்டித்துக் கொடுக்க வந்த மசோதாவை 1870இல் ஜனாதிபதி கிராண்ட் ரத்து செய்தார்.

இந்தக் கதை எதற்கென்றால், விலை போடும்போது மூன்று இடத்தில் உதவும். ஒன்று, சிலிண்டரில் '1855' என்று பொறித்திருப்பதைப் பார்த்து '1855இல் செய்தது' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது காப்புரிமைத் தேதி. இரண்டு, அந்த நாளில் காப்புரிமையை மீறிச் செய்து மாட்டிக்கொண்ட சில கம்பெனிகளின் ரிவால்வர்களில் 'ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்தது' என்று பொறித்திருக்கும். தோற்ற வழக்கின் முத்திரை அது. தனியாக அதை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. மூன்று, 1869க்குப் பிறகு கதவு திறந்து, ஆளாளுக்கு மலிவு ரிவால்வர் செய்து குவித்தார்கள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாடல் ஒன்றின் மூன்று வகையைப் பிரித்துப் பார்ப்பது

கையில் எடுத்ததும் முதல் வேலை, தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றைம்பது வருஷம் ஆனாலும் இது துப்பாக்கிதான். விற்பவரிடம் கேட்டுவிட்டு, பேரலின் (குழலின்) அடியில் உள்ள பூட்டை விடுவித்து பேரலை மேல்பக்கமாகத் தூக்குங்கள்; கீல் மேலே இருக்கிறது. சிலிண்டர் தனியாகக் கையில் வந்துவிடும். சுட்ட தோட்டாவைக் குத்தி வெளியே தள்ளுவதற்கு பேரலுக்குக் கீழே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு அறையும் காலி என்று பார்த்த பிறகுதான் மற்றது. சும்மா சுத்தியலை இழுத்து 'டக் டக்' என்று அடித்துப் பார்க்காதீர்கள். வெறும் அறையில் சுத்தியல் மூக்கு விளிம்பில் இடிக்கும். உடைந்தால் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

முதல் வகை 1857 முதல் 1860 வரை. பதினோராயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். எண்கோண பேரல், வரிப்பள்ளம் இல்லாத மொழுக் சிலிண்டர், அடி தட்டையான பிடி. ஃபிரேமின் பக்கங்கள் உருண்டு புடைத்திருக்கும். பக்கவாட்டில் சின்ன வட்டத் தகடு ஒன்று இருக்கும். சிலிண்டருக்குப் பின்னால் சுழலும் தகடு ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் தாமிரத் தோட்டா சுட்டதும் பின்பக்கம் உப்பிச் சிக்கிக்கொள்ளும். அதைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு. பட்டறைக்காரனாக எனக்கு இந்த ஒரு தகட்டின் மேல் தனி மரியாதை. தோட்டா செய்பவன் தப்பைத் துப்பாக்கி செய்பவன் சுமந்திருக்கிறான்.

இரண்டாம் வகை 1860 முதல் 1868 வரை. துப்பாக்கியில் பொறிக்கும் வரிசை எண் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1,26,000 சொச்சம் வரை போகிறது. பேரலும் பிடியும் அதே மாதிரிதான், ஆனால் ஃபிரேமின் பக்கம் தட்டை. பக்கத் தகடு பெரியது, வட்டமாக இல்லாமல் கோணல் வடிவம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டது இதைத்தான். அவர்கள் கேட்ட வேகத்துக்குத் தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மூன்றாம் வகை 1868இல் தொடங்கி 1880களின் தொடக்கம் வரை. பேரல் உருண்டை, சிலிண்டரில் வரிப்பள்ளம், பிடி பறவைத் தலை மாதிரி வளைவு. ஃபிரேம் பித்தளை இல்லை, இரும்பு. காந்தம் ஒட்டும். நான் எப்போதும் சட்டைப் பையில் பொத்தான் அளவு காந்தம் வைத்திருப்பேன்.

இங்கே ஒரு பொறி. மூன்றாம் வகைக்கு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. '842ஆம் எண், முதல் வருஷத்துத் துப்பாக்கி' என்று ஒருவர் என்னிடம் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார். பிடி பறவைத் தலையாக வளைந்திருந்தது. சிரித்துவிட்டு நகர்ந்தேன். எண் பொய் சொல்லாது, ஆனால் எந்த வரிசையின் எண் என்று உருவம்தான் சொல்லும்.

தொழிற்சாலையே 'இரண்டாம் தரம்' என்று முத்திரை குத்தி அனுப்பியவையும் இந்த மாடலில் இருக்கின்றன. அன்றைக்குக் கழிவு விலை. இன்றைக்கு அந்த முத்திரை இருந்தால் கூடுதல் விலை!

ஸ்க்ரூ தலையைப் படியுங்கள்

வகை தெரிந்த பிறகு கேட்க வேண்டியது ஒன்றே: எவ்வளவு மாறாமல் இருக்கிறது?

நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூ. பிளவு ஓரம் கூராக இருந்தால் யாரும் திறக்கவில்லை, அல்லது திறந்தவனுக்கு வேலை தெரியும். பிளவு சிதைந்து கிழிந்திருந்தால் சமையலறைக் கத்தியால் எவனோ திருகியிருக்கிறான். உள்ளே ஸ்பிரிங்கும் மாறியிருக்கலாம். அடுத்தது விளிம்புகள். எண்கோண பேரலின் எட்டு மூலையும் விரல் நகத்தில் தட்டுப்பட வேண்டும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து எடுத்தால் மூலை மழுங்கும், எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் ஆகும், ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சின்னக் கிண்ணம் மாதிரிப் பள்ளம் விழும். துருக் குழிக்குள்ளும் நீலப் பூச்சு பளிச்சென்று இருந்தால் முதலில் துரு, பிறகு பூச்சு. அதாவது மறுபூச்சு.

அப்புறம் பிடி. ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி மரத்தின் சாதி. வலது பக்கப் பிடியின் உட்பக்கத்தில் துப்பாக்கியின் எண் இருக்க வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். சிலிண்டரும் பேரலும் ஒரே துப்பாக்கியில் பிறந்தவைதானா என்பதற்கும் உள்ளே சின்னச் சின்னப் பொருத்தும் குறிகள் இருக்கும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

பூட்டிய நிலையில் பேரலைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கீல் தேய்ந்து ஆட்டம் காட்டுவது இந்த மாடலின் பொது வியாதி. லேசான ஆட்டத்தை மன்னிக்கலாம். லொடலொட என்றால் வேண்டாம். சுத்தியலை மெதுவாக இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடிக்கும் நாக்கு இந்த மாடலில் மேல் பட்டையில் இருக்கிறது. மெல்லிய ஸ்பிரிங், பெரும்பாலும் உடைந்திருக்கும். பேரலின் உள்ளே குழி விழுந்திருந்தால் பதற வேண்டாம். கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்தில் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த எல்லாமே அப்படித்தான்.

நிலைமைக்குப் பெயர் வைக்க நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் வகுத்த படிகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. கவனம்: பழம்பொருளுக்கும் நவீனத் துப்பாக்கிக்கும் படிகள் வேறு. பழம்பொருள் கணக்கில் அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 'எக்ஸலென்ட்', 30க்கு மேல் 'ஃபைன்', அதற்குக் கீழே பூஜ்யம் வரைக்கும் 'வெரி குட்'. 'வெரி குட்' என்று படித்துவிட்டு நல்லதுபோல என்று வாங்கினால், பூச்சே இல்லாத பழுப்பு இரும்பு வீட்டுக்கு வரும். ஏமாற்று இல்லை; அந்தச் சொல்லுக்கு அங்கே அர்த்தமே அதுதான்.

விலை போடுவது

போன இலையுதிர் காலத்தில் வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் வகை, அட்டையில் 650 டாலர். முதலில் அதே வகை, அதே நிலைமையில் ஏலங்களில் உண்மையில் விற்ற விலைகளை என் நோட்டில் பார்த்தேன். கேட்கும் விலையை எழுதி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. கேட்பதற்கு என்ன, வாய்தானே. ஏல விலையிலும் வாங்குபவர் கமிஷன் சேர்ந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும். அது மட்டுமே 20 சதவீதத்தைச் சுற்றி வரும்.

ஃபிரேமில் பள்ளங்களில் கறுத்த வெள்ளி தங்கியிருந்தது. அதற்காகவே எனக்கு ஆசை. ஆனால் பேரலில் மறுபூச்சு, எழுத்து மங்கல். பிடியின் உள் எண் பொருந்தவில்லை. பெரியவர் "என் கொள்ளுத்தாத்தா கெட்டிஸ்பர்க்கில் வைத்திருந்தது" என்றார். உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த இடம் அது. "காகிதம் ஏதும் உண்டா ஐயா?" என்றேன். இல்லை. கடிதமோ போட்டோவோ பழைய உயிலோ இல்லாத தாத்தாவுக்கு என் கணக்கில் மதிப்பு பூஜ்யம். அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவருக்குச் சொன்னவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். பேரலுக்கும் பிடிக்கும் கழித்து 320 சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்தேன். 360க்கு முடிந்தது.

பின்பட்டையில் பெயர் பொறித்திருந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். பழைய பொறிப்பின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள பரப்பின் அதே கறை இருக்கும். புதுப் பொறிப்பில் உலோகம் உள்ளே பளிச்சிடும், அல்லது ஏதோ கறுப்பை அப்பியிருக்கும். இந்த மாடலுக்குக் கட்டாப்பெர்ச்சாவில் (ரப்பர் மாதிரி ஒரு மரப்பாலில்) வார்த்த பெட்டிகள் வந்தன. உடையாத ஒன்று கிடைத்தால் துப்பாக்கியைவிடப் பெட்டி விலை அதிகம் போகும்.

விலை உயர்ந்த பொருள் என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கலாம்; எந்தத் தேதியில், யாருக்கு, எந்தப் பூச்சோடு அனுப்பினார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். கோல்ட் கம்பெனிக்கும் அப்படியே. 300 டாலர் பொருளுக்கு நான் கேட்பதில்லை.

மற்றவை

1869க்குப் பிறகு வந்த மலிவுச் சரக்குக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பட்டப்பெயரை மொழிபெயர்த்தால் 'தற்கொலை ஸ்பெஷல்'. பெயர்கள் மட்டும் அட்டகாசம்: டிஃபென்டர், ராபின் ஹுட், ஸ்வாம்ப் ஏஞ்சல், ட்ராம்ப்ஸ் டெரர். பெயருக்காக மட்டுமே சேர்ப்பவர் ஒருவர் எனக்குத் தெரியும். குறைந்த பணத்தில் தொடங்க நல்ல இடம். கோல்ட் 1871 முதல் 1877 வரை செய்த ஏழு அறை ஓபன் டாப் .22 ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. அதுவும் எட்டாத விலை இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் என் மனசு போவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1902 முதல் 1921 வரை செய்த லேடிஸ்மித்துக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஏழு அறை. உள்வேலை கடிகாரம் மாதிரி மென்மை. இன்றைய வேகத் தோட்டாவைப் போட்டால் செத்துவிடும். 1911இல் சான் பிரான்சிஸ்கோ வியாபாரி ஃபில் பெக்கார்ட் கேட்டதற்காக அதே கம்பெனியில் பிறந்த .22 ரிவால்வரை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1946க்குப் பிறகு அவர்களிடமிருந்து வந்த கே-22 மாஸ்டர்பீஸ் சுடவும் சேர்க்கவும் ஏற்றது. 1957 முதல் அதற்கு மாடல் 17 என்று பெயர். சிலிண்டரைத் திறந்தால் உள்ளே அந்த மாடல் எண் இருக்கும். நிக்கல் பூசிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சுத்தியலும் ட்ரிக்கரும்கூட நிக்கலாக மின்னினால் சந்தேகப்படுங்கள். தொழிற்சாலை வழக்கமாக அவற்றுக்கு நிக்கல் பூசுவதில்லை.

ரூகர் கம்பெனியின் சிங்கிள் சிக்ஸ் ரிவால்வர் 1953இல் வந்தது. 1973க்கு முந்தியவற்றுக்குக் கம்பெனி இலவசமாகப் பாதுகாப்புப் பாகங்கள் மாற்றித் தரும். சுடுபவர் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் பழைய பாகங்களைப் பொட்டலமாகத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பொட்டலம் கூடவே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் விலை குறைவு.

துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவு .22களை நான் தொடுவதில்லை. 1981இல் ஜனாதிபதி ரீகனைச் சுட்டது அந்த மாதிரி ரோம் கம்பெனியின் .22தான். 'சின்னத் தோட்டா, விளையாட்டுச் சாமான்' என்று வீட்டில் யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக அதை மட்டும் எல்லோருக்கும் சொல்வேன்.

வைத்திருப்பது

கரும்பொடிக்காகச் செய்ததை இன்றைய தோட்டா போட்டுச் சுடாதீர்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரம் இழுக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். நிக்கல் பூச்சுக்கு அமோனியா கலந்த எந்தத் திரவமும் ஆகாது. கை வியர்வையைத் துடைத்து, ரெனசான்ஸ் மெழுகு ஒரு மெல்லிய தடவல், சிலிக்கா ஜெல், பூட்டிய பெட்டி. போதும்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்: எண், வகை, என்ன மாறியிருக்கிறது, என்ன கொடுத்தேன், இன்று என்ன போகும், எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும். என் மனைவிக்கு இவை எல்லாமே 'அந்தப் பழைய இரும்பு' என்பதால் விலையைத் தமிழில் எழுத்தால் எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் அந்தத் தேய்த்த துப்பாக்கி. வாங்கியது 275. இன்று 150 வந்தால் பெரிது. கீழே 'வெள்ளி இல்லை, நான்தான்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.